நல்லதண்ணிக் கிணற்றில் வைத்த கால்

பழி வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கரிசல் காட்டில் அதற்கென்ன பஞ்சம்! வரப்புத் தகராறில் விளைந்த பருத்தியைப் பிடுங்கிப் போட்டவன், வைக்கோல் படப்புக்கு நெருப்பு வைத்தவன், உழவு மாட்டின் வாலை அறுத்தவன் என்று ஊருக்கு நாலு பேர் கிடப்பார்கள். சைக்கிளில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகக் கோவில்பட்டியைச் சுற்றி அலைகிறவன் நான், அல்லாபிச்சை. எல்லா வாசலிலும் மூட்டையை அவிழ்த்திருக்கிறேன், எல்லார் வயிற்றெரிச்சலையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அரிவாள் இல்லாமல், தீக்குச்சி இல்லாமல், தன் காலை வைத்தே பழி வாங்கியவள் ஒருத்திதான். அவள் பேர் வெயிலுகந்தம்மாள்.

உப்போடைப்பட்டி அவள் ஊர். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டு மைல். வெயில் காலத்தில் போனால் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழைக் காலத்தில் போனால் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சைக்கிள் என்னைச் சுமப்பதற்குப் பதில் சைக்கிளை நான் சுமக்க வேண்டும். அந்த மண்ணைத் திட்டாமல் ஒரு திங்கட்கிழமையும் நான் அந்த ஊருக்குள் நுழைந்தது கிடையாது. ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிறதல்லவா, கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். பருப்பு வேகாது, தாகம் அடங்காது. குடிக்கிற தண்ணீருக்கு மழை நீர் தேங்கும் ஊருணி ஒன்று. முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, பாசியைக் கையால் விலக்கிவிட்டு, குடத்தை முக்கி எடுத்து வருவார்கள்.

பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் ஊருணிப் பக்கம் வருவதில்லை. பெரிய வீடு என்றால் வன்னியபெருமாள் வீடு. அவருடைய தோட்டத்தில் படி இறங்கிப் போய் மொள்ளுகிற கிணறு ஒன்று உண்டு. அந்த வட்டாரத்திலேயே உப்புக் கரிக்காத தண்ணீர். நல்லதண்ணிக் கிணறு என்றே அதற்குப் பேர். வன்னியபெருமாளும் ஊர்க்காரர்களும் ஒரே வகையறாதான், ஒரே சாமிதான், நிலம் மட்டும்தான் வேறே. ஆனாலும் அந்தக் கிணற்றில் வேறு வீட்டுக் குடம் இறங்கக் கூடாது என்று வைத்திருந்தார்.

இனி அந்த நோயைச் சொல்ல வேண்டும். நரம்புச்சிலந்தி என்பார்கள். கணுக்காலிலோ பாதத்திலோ ஒரு கொப்புளம் கிளம்பும். மிளகாயை அரைத்து அப்பியது மாதிரி எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று தலையை நீட்டும். அது நரம்பு இல்லை, புழு. முழத்தைவிட நீளமான புழு. அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வேப்பங்குச்சியில் நுனியைச் சுற்றி, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று பொறுமையாகச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். பதினைந்து நாளும் ஆகும், ஒரு மாசமும் ஆகும். நடுவில் அறுந்ததோ, போச்சு. மிச்சம் உள்ளே அழுகிச் சீழ் பிடிக்கும்.

உப்போடைப்பட்டியில் வீட்டுக்கு ஒரு கால் அப்படிக் கிடந்த காலம் அது. பெரிய வீட்டில் மட்டும் யாருக்கும் வந்ததில்லை. "சோம்பேறிக்குத்தாம்வே நரம்பு வரும். உழைக்கிற உடம்புக்கு அது ஏன் வரப்போவுது?" என்பார் வன்னியபெருமாள். நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்வார்.

வெயிலுகந்தம்மாள் நரம்பு சுற்றுவதில் கைக்காரி. அவள் சுற்றினால் அறுந்ததே இல்லை என்று பேர். அவள் புருஷன் கருத்தையா பெரிய வீட்டு உழவுக்காரர். வாயில்லாப் பூச்சி. என்னிடம் ஒரு துண்டு எடுக்கக்கூட அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "எதுக்கும் அவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று போய்விடுவார். ஐம்பத்தாறாம் வருஷம் புரட்டாசிக் கடைசியில் அவர் காலில் நரம்பு கண்டது. பெண்டாட்டி பதினோரு நாள் சுற்றினாள். இன்னும் ஒரு சாண்தான் பாக்கி என்று கணக்காக இருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஐப்பசி மழை ஊற்றித் தீர்த்தது. கரிசலில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். நாலு நாள் தவறினால் வருஷம் தவறும். வன்னியபெருமாள் குடையும் கையுமாக அவர்கள் குடிசைக்கே வந்துவிட்டார்.

"என்னலே, வெதைப்பு நிக்கி, நீ மகாராசா மாதிரி காலை நீட்டிக்கிட்டுக் கெடக்க?"

"நரம்பு மொதலாளி. இன்னும் நாலு நாள் பொறுத்தா வந்துரும்."

"ஏலே, ஆருகிட்ட நடிக்க?"

குனிந்தார். காலோடு கட்டியிருந்த வேப்பங்குச்சியைப் பிடித்தார். வெயிலுகந்தம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் ஒரே இழுப்பு.

"இந்தா, வந்துட்டுல்லா? எந்திரி. ஏரப் பூட்டு."

புழு அறுந்தது. கருத்தையா எழுந்துபோய் இரண்டு நாள் உழுதார். மூன்றாம் நாள் கால் தொடை வரைக்கும் வீங்கி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற காய்ச்சல் அடித்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டால், விதைப்பு நேரத்தில் எந்த வீட்டு மாடு சும்மா நிற்கும்? ஏழாம் நாள்தான் ஒரு வண்டி கிடைத்தது. சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கி, தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

இழவுக்கு வன்னியபெருமாளும் வந்தார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நடிச்சு நடிச்சு நெசமாவே செத்துட்டான் பாரு" என்றார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாசமாய்ப் போக! அதன் பிறகு அந்த ஊரில் வேலைக்கு வராதவனையெல்லாம் "இவரு பெரிய கருத்தையா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். செத்த மனுஷன் பேர் அப்படி ஆயிற்று.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது அவள் அழவில்லை. ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்துக் காட்டினாள். அறுந்த புழு அதிலேயே காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, உசுரு போனது போவட்டும். அவிய நடிக்கலன்னு அந்த வாயாலயே சொல்ல வைக்கணும். அதுவரைக்கும் இந்தக் குச்சி இங்கனதான் இருக்கும்."

"விடு தாயி. அல்லா பாத்துக்கிடுவான்" என்றேன்.

"உங்க அல்லாவும் எங்க காளியும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாக" என்றாள்.

மறு வருஷம் மாசியில் அம்மை குத்துவதற்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். சுந்தரபாண்டியன் என்று பேர். இளவயசு, ஒல்லி, எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவரைப் பார்த்ததும் ஊரே கதவைச் சாத்தியது. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, "வீட்டுல முத்து போட்டிருக்கு, உள்ள வரப்படாது" என்று பொய் சொன்னார்கள். பிள்ளைகளைச் சோளத்தட்டைப் படப்புக்குள் ஒளித்து வைத்தார்கள். முதலில் கையை நீட்டியவன் நான். அடுத்து நீட்டியவள் வெயிலுகந்தம்மாள். குத்தும்போது கண்ணைக்கூட இமைக்கவில்லை.

அப்படியே கேட்டாள்: "இந்தக் கால் நரம்புக்கும் இதே மாதிரி குத்துறது உண்டாய்யா?"

இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். "இல்லம்மா. அம்மையைத் தடுக்கத்தான் இது. அதுக்குத் தடுப்பூசி இன்னும் வரலை. தண்ணியிலதான் அதைத் தடுக்கணும்" என்று ஆரம்பித்தார். ஊருணித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டுவந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே பொடிப் பொடியாக ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. நரம்பு கண்ட ஆள் எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைக்கிறான். தண்ணீர் பட்டதும் அந்தப் புழு வெள்ளையாகப் பால் மாதிரி கக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் கோடி. இந்தத் துள்ளுகிற பூச்சி அந்தக் குஞ்சைத் தின்னும். பூச்சியோடு சேர்த்து நாம் தண்ணீரைக் குடிப்போம். பூச்சி வயிற்றில் செத்துவிடும், குஞ்சு சாகாது. உள்ளேயே வளர்ந்து, காலுக்கு இறங்கி, ஒரு வருஷம் கழித்துத் தலையை நீட்டும். நெருக்கமான துணியை இரண்டாக மடித்துத் தண்ணீரை வடிகட்டினால் பூச்சி துணியிலேயே நின்றுவிடும், நோயே வராது. இவ்வளவும் சொன்னார்.

கூட்டத்தில் சிரிப்பு. "போன வருசம் குடிச்ச தண்ணிக்கு இந்த வருசம் காலுல நரம்பாம். நல்ல கதைதான்" என்றார் ஒருவர். சூட்டினால் வருகிறது, சாமி குத்தத்தால் வருகிறது என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

அவள் மட்டும் போகவில்லை. "குஞ்சு கக்கின மறுநாளே குடிச்சா வருமாய்யா?"

"வராதும்மா. பூச்சிக்குள்ள அது முதிரப் பதினைஞ்சு நாள் ஆகும்."

"நல்ல தண்ணியா இருந்தாலும் வருமா? உப்பு இல்லாத தண்ணி?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா, நின்ன தண்ணி, அதுல ஒருத்தன் காலை வச்சாப் போதும்."

"துணியில வடிகட்டலேன்னா, கட்டாயம் வருமா?"

"பெரும்பாலும் வரும். நீங்க மட்டுமாவது காது கொடுத்துக் கேட்டீங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார், பாவம். அந்த ஊரில் அவர் பேச்சை நம்பியது அவள் ஒருத்திதான். எதற்காக நம்பினாள் என்று தெரிந்திருந்தால் கும்பிட்டிருக்க மாட்டார்.

சித்திரையில் அவள் காலிலேயே நரம்பு கண்டது.

இனிச் சொல்வது அவள் பின்னாளில் என்னிடம் சொன்னது. கொப்புளம் உடைந்த அன்று உச்சி வெயிலில், காக்காய்கூட வெளியே இல்லாத நேரத்தில், பெரிய வீட்டுத் தோட்டத்துக்குப் போனாள். நல்லதண்ணிக் கிணற்றில் இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். எரிச்சல் அடங்கியதாம். காலைச் சுற்றி வெள்ளையாகக் கலங்கியதை உட்கார்ந்து பார்த்தாளாம். மறுநாளும் போனாள். நாலு நாள் போனாள். ஐந்தாம் நாள்தான் தன் காலுக்கு வேப்பங்குச்சி கட்டிக்கொண்டாள். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அவள் தெய்வத்துக்குக் காத்திருக்கவில்லை, புழுவுக்குக் காத்திருந்தாள்.

இதில் ஒன்று அவள் எதிர்பார்க்காதது நடந்தது. வைகாசியில் ஊருணி ஒரு சொட்டு இல்லாமல் வற்றிப்போயிற்று. சனங்கள் பெரிய வீட்டு வாசலில் போய் நின்றார்கள். எந்த நல்ல நேரமோ, வன்னியபெருமாளுக்குத் தர்ம சிந்தனை வந்துவிட்டது. "வீட்டுக்கு ரெண்டு குடம் மொண்டுக்கிடுங்க" என்றுவிட்டார். ஊர் முழுக்க அவர் புகழ். வெயிலுகந்தம்மாள் கால் வைத்த தண்ணீர் இனி எல்லா வீட்டுக் குடத்திலும்.

அந்தத் திங்கட்கிழமை நான் மூட்டையை இறக்குவதற்குள் ஓடி வந்தாள். "நெருக்கமான மல்லு எத்தனை கெஜம் இருக்கு? அம்புட்டையும் குடுங்க." காதில் கிடந்த கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். எதற்கென்று கேட்டால் சொல்லவில்லை. நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெண் குடத்திலும் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, வடிகட்டித்தான் அனுப்புகிறாள். முரண்டு பிடித்தவளை, "ஏட்டி, குடத்த வையி. இல்லேன்னா ஒடச்சுப்புடுவேன்" என்று மிரட்டுகிறாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனாலும் அவள் வாய்க்குப் பயந்து கட்டவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டுத் தண்ணீர்க்காரன் உச்சிமாகாளி காவடியில் இரண்டு குடத்தோடு வந்தான். அவள் ஒதுங்கி வழி விட்டாள். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன தாயி, அவிய குடத்துக்கு வடிகட்டலையா?" என்று கேட்டேன்.

"அவிய பெரிய வீடு அண்ணாச்சி. நான் தொடலாமா?" என்றாள். உதட்டில் ஒரு சிரிப்பு. ஒரே வகையறாக்காரியின் குடத்தை ஒரே வகையறாக்காரி தொடுவதற்கு என்ன தடை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். துணி முழுசும் விற்றுப்போன சந்தோஷத்தில் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மழை வந்து ஊருணி பெருகும் வரைக்கும் அப்படியே செய்தாள். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. மாசத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வைகாசியில் வன்னியபெருமாளின் இடது காலில் நரம்பு கண்டது.

ஊரே வாயைப் பிளந்தது. பெரிய வீட்டிலா? மூன்று தலைமுறையாக வராத வீட்டிலா? மனுஷன் கட்டிலில் கிடந்து போட்ட கூப்பாடு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? நரம்பு சுற்றுவதில் கைக்காரி ஒருத்திதானே. ஆள் வந்து கூப்பிட்டதும் ஓலைப்பெட்டியைத் திறந்து அந்தப் பழைய வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு போனாள். கருத்தையாவின் காலில் இருந்த அதே குச்சி.

நுனியைச் சுற்றிக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் நாள் கேட்டாளாம்: "வலிக்குதா மொதலாளி? இல்ல, நடிக்கியளா?"

அவர் கெட்ட வார்த்தையில் வைதார். அவள் ஒரு விரற்கடை சுற்றிக் கட்டிவிட்டு வந்துவிட்டாள். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாள். புழு அவள் கையில் இருந்தது. ஒரு வெடுக்கு இழுப்பில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் இழுத்துப் பார்த்தவர்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. பெரிய வீட்டு மருமகள் பார்வதியம்மாளுக்குச் சேலை காட்ட நான் போயிருந்தேன். முன்கட்டில் கட்டில் கிடந்தது. நலம் விசாரிக்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வெயிலுகந்தம்மாள் குச்சியைப் பிடித்தாள்.

"வலிக்குதா மொதலாளி? நடிக்கியளா?"

வன்னியபெருமாளுக்கு உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் மெதுவாக, "கருத்தையா நடிக்கல" என்றார்.

"கேக்கல."

"கருத்தையா நடிக்கலட்டீ! போதுமா? அவன் நடிக்கல! மெதுவாச் சுத்து!"

அங்கே நின்றவர்களில் இழவன்று சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருத்தன் தரையைப் பார்த்தான். அவள் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குனிந்து, அன்றைக்குரிய இரண்டு விரற்கடையைப் பூப்போலச் சுற்றினாள். அவள் மூஞ்சியில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? இன்னும் ஒரு வாரத்தில் புழு முழுசாக வந்துவிட்டது. குச்சியோடு சேர்த்து அடுப்பில் போட்டு எரித்தாள்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பார்வதியம்மாளுக்கு ஒரே மகள், பெத்தம்மாள், ஐந்து வயசு. என் சைக்கிள் மணி கேட்டால் தெரு முனைக்கே ஓடி வருவாள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு துண்டு என் சட்டைப் பையில் அவளுக்காக இருக்கும். தாத்தாவுக்குப் புழு வந்து முடிந்த அதே வாரம் பிள்ளையின் வலது கணுக்காலில் கொப்புளம் கிளம்பியது.

ஒரு வீட்டுப் பானைத் தண்ணீரை ஒருத்தன் மட்டுமா குடிப்பான்? இது வெயிலுகந்தம்மாளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். பழி என்பது ஒரு பக்கம் மட்டுமே பார்க்கும், மறு பக்கம் பார்க்க விடாது. கூப்பிட்டார்கள், போனாள். புதிதாக ஒரு வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு போனாள். பிள்ளை அழுத அழுகையில் பாதி விரற்கடைக்கு மேல் அவளால் சுற்ற முடியவில்லையாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் போன நேரம், பிள்ளை தாய் மடியில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. புழு எலும்பு மூட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்ததால் அசைத்தாலே உயிர் போகிற வலி. என் மிட்டாயை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வன்னியபெருமாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். கால் ஆறிப்போயிற்று, பழைய திமிரும் வந்துவிட்டது.

"ஏட்டி, போதும். இம்புட்டுக்கு வலிக்காது. நடிக்காத!"

யா அல்லா! பட்டு இன்னும் பத்து நாள் ஆகவில்லை, அந்த வாய்க்கு அதே வார்த்தை!

வெயிலுகந்தம்மாள் எழுந்தே விட்டாள். "எது நடிப்பு? பச்சப்புள்ள நடிக்குதா? அந்தக் காலுல கெடக்கது நான் குடுத்தது மொதலாளி! போன வருசச் சித்திரையில உங்க நல்லதண்ணிக் கிணத்துல எங்கால வச்சேன். நாலு நாளு வச்சேன். உங்களுக்குன்னுதான் வச்சேன். ஊரு குடத்துக்கெல்லாம் வடிகட்டுன நான் உங்க குடத்துக்கு மட்டும் துணி போடல. எம்புருசனக் கொன்னவிய காலு நடக்கப்படாதுன்னு வச்சேன். அது இந்தப் புள்ள கால்லயும் வந்து நிக்கி. இனிமே அந்த வார்த்தை உங்க வாயில வந்துது..."

மூச்சு வாங்க நின்றாள். அடிப்பார், ஆளைக் கூப்பிடுவார், போலீசுக்குச் சொல்லி அனுப்புவார் என்று நான் மூட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளும் அதற்குத்தான் நின்றாள்.

வன்னியபெருமாள் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கிறுக்கச்சி! கிணத்துல காலை வச்சா இன்னொருத்தனுக்கு நரம்பு வருமாக்கும்? அதுவும் ஒரு வருசம் கழிச்சு? அந்த அம்மை குத்துதவன் சொன்னானா? புருசன் போனதுல இவளுக்குப் புத்தி பெரண்டு போச்சு. சரி சரி, சுத்துறதச் சுத்து."

"நம்புங்க மொதலாளி. நெசந்தான்." கெஞ்சினாள். ஊரையே அதட்டியவள், தான் செய்த குற்றத்தை நம்பச் சொல்லி அந்த மனுஷனிடம் கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

பார்வதியம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்க குடத்துக்கு மட்டும் துணி போடல?"

"போடல."

"இவளும் குடிப்பான்னு ஒங்களுக்குத் தெரியும்?"

வெயிலுகந்தம்மாள் பிள்ளையின் காலைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

பார்வதியம்மாள் கையை நீட்டி, வேப்பங்குச்சியை அவள் விரலிலிருந்து எடுத்துக்கொண்டாள். மாமனாருக்குச் சுற்றிய நாளிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்ததில் அவளுக்கும் சுற்றத் தெரிந்திருந்தது. மகள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, தானே சுற்ற ஆரம்பித்தாள். வெயிலுகந்தம்மாள் வெளியே போனாள்.

நான் மூட்டையைக் கட்டும்போது பார்வதியம்மாள் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, போன வருசம் அவியளுக்குக் குடுத்தீகளே, அந்த மல்லு இருக்கா? நாலு கெஜம் வேணும்."

"எதுக்கும்மா?"

"தண்ணிக்கு."

கிழித்துக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவியள எம்புள்ள இருக்க பக்கம் வரவேண்டாம்னு சொல்லிருங்க. மாமாவுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு அப்படி இல்ல."

பொழுது சாயும் நேரத்தில் போய் அதைச் சொன்னேன். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தவள் முழுசாகக் கேட்டாள். கருத்தையா செத்த அன்று அழாதவள் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒருத்தி நம்பிட்டா அண்ணாச்சி, ஒருத்தி நம்பிட்டா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாசமே ஊரை விட்டுக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். இன்றைக்கு ஏழு வருஷம் ஆகிறது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிறாள். நகரசபையிலிருந்து அம்மை குத்த வந்தால் தெருப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறாள். குழாய்த் தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறாள். உப்போடைப்பட்டிப் பக்கம் போனதே இல்லை. அங்கே மூன்று வருஷத்துக்கு முன்னால் சுந்தரபாண்டியன் இன்ஸ்பெக்டர் உத்தரவு வாங்கிவந்து நல்லதண்ணிக் கிணற்றின் படியை இடித்து, சுவர் கட்டி, உருளை போட்டுவிட்டார். முன்னால் நின்று வேலையை முடித்துக் கொடுத்தது பார்வதியம்மாள். பெரிய வீட்டு மருமகள் வடிகட்டியதைப் பார்த்து ஊரும் வடிகட்டியது. இப்போதெல்லாம் அந்த ஊரில் நரம்பு கண்ட காலை நான் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் திரும்பி வரும் வழியில், ஆபீஸ் விட்டு வந்து அவள் வாசலில் நிற்பாள். ஏழு வருஷமாக ஒரே கேள்வி.

"பெத்தம்மா நல்லா நடக்காளா அண்ணாச்சி?"

பன்னிரண்டு வயசுப் பிள்ளை. வலது கணுக்கால் மடங்காது. இப்போது என் மணி கேட்டால் ஓடி வருவதில்லை, வாசலில் நின்றபடியே கையை நீட்டுகிறாள். இதை எந்த வாயால் சொல்வது?

"நடக்கிறதா? ஓடுதாளே தாயி, குதிச்சுக் குதிச்சு ஓடுதாளே" என்பேன், மூட்டையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டு.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள்.

"நடிக்காதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.